யார் வைத்த பெயர்?

அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் டோனிகால் மாவட்டம். அங்கே டங்லோ என்றொரு சின்ன ஊர். அந்த வட்டாரத்தில் ஒரு சந்தை நாளில் நின்று, "பேட்ரிக் கல்லாஹர்!" என்று உரக்க ஒரு குரல் கொடுத்தால் நாலைந்து தலையாவது திரும்பும். டோனிகாலில் மிக அதிகமாகப் புழங்கும் குடும்பப் பெயர் கல்லாஹர். ஆண்பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வைத்துத் தீராத பெயர் பேட்ரிக். இரண்டையும் பெருக்கிக்கொள்ளுங்கள்.

1870-களின் தொடக்கத்தில் அங்கே பிறந்த ஒரு பேட்ரிக் கல்லாஹரின் கதை இது. அப்பாவுக்கும் அதே பெயர்தான். ஊர் என்ன செய்தது? அப்பாவை 'பேட் பான்' என்றது. பான் என்றால் ஐரிஷ் மொழியில் வெள்ளை. வெளிர் தலைமுடிக்காரர்களுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் அடைமொழி. மகன், 'பாடி பேட் பான்'. அதாவது பேட் பானுடைய மகன் பாடி. பேட்ரிக்கைச் சுருக்கினால் பாடி. தமிழில் கொஞ்சம் விபரீதமாக ஒலிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன் சீக்கிரமே பள்ளிக்கூடத்தை விட்டான். கூலியாள் சந்தையில் (ஆமாம், மாட்டுச் சந்தை மாதிரி ஆள் சந்தை) போய் நின்று பண்ணை வேலைக்குப் போனான். வளர்ந்ததும் ஸ்காட்லாந்துக்குப் பிழைக்கப் போனான். கூட்டுறவுக் கடை என்ற சமாசாரத்தை அங்கேதான் பார்த்தான். ஊர் திரும்பினால், கடனைக் கொடுத்துவிட்டுச் சொன்ன விலைக்குத் தன் சரக்கையே தலையில் கட்டும் வியாபாரிகளின் ராஜ்யம். 1906-ல் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு டெம்பிள்க்ரோன் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். (இனிமேல் 'ர்' போட வேண்டியதுதான்.) 'கோ-ஆப்' என்ற வார்த்தை ஊர் வாயில் புரண்டு 'கோப்' ஆனது. கல்லாஹர் 'பாடி த கோப்' ஆனார். 1939-ல் 'மை ஸ்டோரி' என்று சுயசரிதை எழுதியபோது, ஆசிரியர் பெயராக அதையே போட்டுக்கொண்டார்.

பெயர் அத்தோடு நிற்கவில்லை. அவர் வழிவந்த அரசியல்வாதி ஒருவர் வாக்காளர்களுக்கு 'பேட் த கோப் கல்லாஹர்'தான். 2016 முதல் 2020 வரை அயர்லாந்து நாடாளுமன்றத்தின் துணை சபாநாயகராகவே இருந்தார். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயரைத் தப்பாக உச்சரித்ததில் பிறந்த பட்டப்பெயர், சபாநாயகர் நாற்காலி வரைக்கும் போய் உட்கார்ந்திருக்கிறது.

'மை ஸ்டோரி' நல்ல புத்தகம். பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார். எல்லாச் சண்டையிலும் அவரே ஜெயிக்கிறார் என்பதுதான் சின்னக் குறை. ஆனால் ஒரு மனிதர் தன் இரண்டாவது பெயரை எப்படிச் சம்பாதித்தார் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் புத்தகம் வேறொன்று நான் படித்ததில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எனக்கு ஒரு புகார் இருக்கிறது. ஐரிஷ் வம்சாவளி என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்கர்கள் மூன்று கோடிக்கும் மேல். தாத்தாவின் தாத்தா எந்தக் கிராமத்திலிருந்து கப்பல் ஏறினார் என்று தேடுவது அவர்களில் பல பேருக்குப் பொழுதுபோக்கு, சில பேருக்குப் பைத்தியம். அவர்களுக்கென்று வழிகாட்டிப் புத்தகங்கள் குவிகின்றன. அதில் முக்கால்வாசிப் புத்தகங்கள் பட்டப்பெயரை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைக்கின்றன. "நம் முன்னோர் எவ்வளவு வேடிக்கையானவர்கள் பாருங்கள்" என்று நாலு கதை. அப்புறம் 'நிஜ' ஆவணங்களுக்குப் போய்விடுகிறார்கள்.

நிஜ ஆவணம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தின் மக்கள்தொகைக் கணக்கு ஏடுகளில் பழையவை 1922 ஜூன் 30-ம் தேதி, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்து போயின. அதற்கடுத்த நாலு கணக்கெடுப்பின் ஏடுகளை அரசாங்கமே அதற்கு முன்னால் அழித்திருந்தது. கடைசி இரண்டும் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன. முழுசாக மிஞ்சியவற்றில் பழையது 1901 கணக்குதான். பஞ்ச காலத்தில், 1840-களின் கடைசியில், கப்பல் ஏறியவர்களைப் பற்றி அதில் என்ன இருக்கும்? இப்படிப்பட்ட தேசத்தில் ஊர் வைத்த பெயரை ஊறுகாய் ஆக்கலாமா?

ஏன் இத்தனை பேருக்கு ஒரே பெயர் என்று கேட்பீர்கள். பல குடும்பங்களில் ஒரு வழக்கம். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூன்றாமவனுக்கு அப்பாவின் பெயர். (நமக்கு இது புதுசா என்ன? 'பேரன்' என்ற வார்த்தையே பெயரிலிருந்து வந்ததுதானே!) இப்போது டேனியல் சலிவன் என்று ஒரு தாத்தா. அவருக்குக் கல்யாணமான மகன்கள் ஐந்து பேர். ஐவரும் தலைச்சன் பிள்ளைக்கு ஒழுங்காகத் தாத்தா பெயரை வைத்தால், ஒரே கிராமத்தில், ஒரே பத்து வருஷத்துக்குள், ஐந்து டேனியல் சலிவன்கள். சர்ச் ஞானஸ்நான ஏட்டில் ஐந்து பேரும் ஒன்றுதான். தெருவில் ஐந்து பேரும் வேறு வேறு. ஒருவன் சிவப்பு டேன். ஒருவன் மைக்கின் டேன். ஒருவன் மேரியின் டேன்.

அந்த 'மேரியின் டேன்' இருக்கிறானே, அவனைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அப்பா பெயர் வரவேண்டிய இடத்தில் அம்மா பெயர். ஏன்? அப்பன் சின்ன வயதிலேயே செத்திருக்கலாம். அம்மா அந்த ஊர்க்காரியாகவும் அப்பா வெளியூர்க்காரராகவும் இருந்திருக்கலாம். வீட்டில் அம்மா ராஜ்யமாகவும் இருக்கலாம்! எந்தச் சான்றிதழும் சொல்லாத ஒரு குடும்பச் செய்தி அந்த ஒற்றைச் சொல்லில் உட்கார்ந்திருக்கிறது. மானுடவியல் அறிஞர் ராபின் ஃபாக்ஸ், டோனிகால் கரைக்கு அப்பாலுள்ள டோரி தீவில் 1960-களில் தங்கி ஆராய்ந்து, 1978-ல் 'த டோரி ஐலண்டர்ஸ்' என்ற நூலை எழுதினார். அங்கே ஒருவர் பெயரோடு அப்பா, தாத்தா என்று பெயர்கள் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. நடுவில் பெண்கள் பெயரும் வரும். ஆளைக் கூப்பிடும்போதே அவர் வம்சாவளியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எந்தக் காப்பகம் எரிந்தாலும் எரியாத ஏடு.

வழிகாட்டிப் புத்தகங்கள் இதைக் கோட்டைவிடுவதற்குக் காரணம், அவை மூன்று விஷயங்களை ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டுவதுதான். ஹனோராவை நோரா என்பது சுருக்கம். டிர்மிட் என்ற ஐரிஷ் பெயர் ஆங்கிலத்தில் ஜெரமையா ஆவதும், டைக் என்பது டிமத்தி ஆவதும், கோப்னட் என்ற பெண் அபிகேல் ஆவதும் மாற்றுப் பெயர்கள். உச்சரிப்பில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பழக்கத்தால் வந்த ஜோடிகள். இந்த இரண்டுக்கும் புத்தகத்தில் அட்டவணை உண்டு. அட்டவணை உபயோகமானது, மறுக்கவில்லை. அபிகேலைத் தேடுகிறவருக்கு கோப்னட் கிடைப்பாள். ஆனால் மூன்றாவது வகையான பட்டப்பெயர் அட்டவணைக்குள் அடங்காது. அது ஒரு ஊரில் ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். அட்டவணையில் அடங்காததால் அது ஆதாரமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வெறும் சட்டபூர்வப் பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆனி மூர் சாட்சி. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1-ம் தேதி திறந்தது. முதலில் உள்ளே வந்தவர் கார்க் மாவட்டத்துப் பெண் ஆனி மூர். கூடவே இரண்டு தம்பிகள். பத்து டாலர் தங்கக் காசு பரிசு. பிற்பாடு சிலை எல்லாம் வைத்தார்கள். இந்த ஆனி டெக்சாஸுக்குப் போனார், அங்கேயே வாழ்ந்து செத்தார் என்று பல வருஷம் கதை ஓடியது. அந்த வாரிசுகளும் விழாக்களில் கலந்துகொண்டார்கள். 2006-ல் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆராய்ச்சியாளர் தோண்டிப் பார்த்தார். டெக்சாஸ் ஆனி மூர் பிறந்ததே அமெரிக்காவில், இல்லினாய்ஸில்! நிஜ ஆனி நியூயார்க்கை விட்டே போகவில்லை. பேக்கரி குமாஸ்தா ஒருவரைக் கட்டிக்கொண்டு, பதினொரு பிள்ளைகள் பெற்று, பலரைச் சாகக் கொடுத்து, 1924-ல் ஏழையாகச் செத்தார். கல்லறையில் கல்கூட இல்லை. 2008-ல்தான் வைத்தார்கள். பெயர் அச்சு அசலாகப் பொருந்தியது. ஆள்தான் வேறு.

அப்படியானால் அந்தக் காலத்தில் பட்டப்பெயரை மதித்தவர்களே இல்லையா? இருந்தார்கள். யார் தெரியுமா? வரிக்காரரும் வங்கிக்காரரும்.

சிரிக்காதீர்கள். நான் படித்தது பி.காம். பேரேட்டில் ஒரே பெயரில் இரண்டு கடன்காரர்கள் இருந்தால் என்ன கலாட்டா நடக்கும் என்பது எனக்குப் புரியும். 1847 முதல் 1864 வரை ரிச்சர்டு கிரிஃபித் தலைமையில் அயர்லாந்து முழுக்க நிலத்துக்கும் வீட்டுக்கும் மதிப்புப் போட்டார்கள், வரி விதிப்பதற்காக. ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் பல பேர் வந்தால், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அடையாளம் போட்டார்கள். அப்பா பெயர், தலைமுடி நிறம், உயரம், இப்படி. காதல் இல்லை, கவித்துவம் இல்லை. யாரிடம் வசூலிப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். காசு என்று வந்துவிட்டால் மனிதன் எவ்வளவு துல்லியமாகிவிடுகிறான்!

வங்கி இன்னும் ஒரு படி மேலே போனது. 1850-ல் நியூயார்க்கில் ஐரிஷ்காரர்களுக்காகவே எமிக்ரன்ட் சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். பணம் போட வந்தவரிடம் ஒரு பெரிய நோட்டை விரித்துக் கேள்வி மேல் கேள்வி. எந்த ஊர்? எந்தக் கப்பல்? எந்த வருஷம்? அப்பா அம்மா பெயர்? அண்ணன் தம்பி அக்கா தங்கை எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள்? நாளைக்கு வேறொரு பேட்ரிக் மர்ஃபி வந்து பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே! இன்றைக்கு நம் உயிரை வாங்கும் கே.ஒய்.சி.யின் கொள்ளுத்தாத்தா அது. வம்சாவளி தேடுகிறவர்கள் இன்று அந்த நோட்டுகளைத் தங்கமாக மதிக்கிறார்கள்.

புத்தகங்களில் எனக்கு மரியாதை தோன்றியது ரிபார்ட் ஓ'டுவயரின் 'ஹூ வேர் மை ஆன்ஸெஸ்டர்ஸ்?' வரிசையின் மேல்தான். முதல் புத்தகம் 1976-ல் வந்தது. கார்க் மாவட்டத்தின் பேரா தீபகற்பத்தில் எங்கு திரும்பினாலும் சலிவன், ஹாரிங்டன். அங்கிருந்த செப்புச் சுரங்கம் படுத்ததும் ஆட்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி, அமெரிக்காவின் மொன்டானாவில் பியூட் என்ற செப்பு நகரத்துக்குப் போனார்கள். 1900-ல் பியூட்டில் சுமார் நாலில் ஒருவர் ஐரிஷ் வம்சம். அங்கேயும் அதே சலிவன்கள், அதே குழப்பம். ஓ'டுவயர் சர்ச் ஏட்டோடு நிற்கவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு சலிவன் கிளைக்கும் ஊர் வைத்திருந்த அடைமொழியைக் கேட்டுக் குறித்தார். படிக்க சுவாரஸ்யமான புத்தகமா என்றால், இல்லை, டெலிபோன் டைரக்டரிதான். ஆனால் பியூட்டிலிருந்து ஒரு பேத்தி, "எங்க தாத்தா ஏதோ ஒரு வார்த்தை சொல்வார், அர்த்தம் தெரியாது" என்று வந்தால், அந்த ஒரு வார்த்தையை வைத்து வீட்டைக் காட்டிவிடலாம்.

பட்டப்பெயர் என்றாலே பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். ஃப்ராங்க் மெக்கோர்ட்டின் 'ஏஞ்ஜலாஸ் ஆஷஸ்' படித்தவர்களுக்குத் தெரியும். 1996-ல் வெளிவந்து 1997-ல் புலிட்சர் வாங்கிய சுயசரிதை. நியூயார்க் புரூக்ளினில் பிறந்த பையன். பிழைக்க வழியில்லாமல் குடும்பமே அயர்லாந்துக்குத் திரும்பி லிமெரிக் நகரத்துச் சந்தில் வந்து விழுகிறது. கால் ஊனமான வாத்தியார் 'ஹாப்பி', அதாவது நொண்டி. குள்ளமான வாத்தியார் 'டாட்டி', புள்ளி. ஓயாமல் கேள்வி கேட்கும் பையன் 'கொஸ்டின்' க்விக்லி. குழந்தையில் தலையில் அடிபட்டு மந்தமாகிப்போன, பேப்பர் விற்கும் மாமா பேட் ஷீஹனை ஊரே 'மடாதிபதி' என்கிறது. வறுமையை மிகைப்படுத்திவிட்டார் என்று லிமெரிக்காரர்கள் பலர் மெக்கோர்ட் மேல் பாய்ந்தார்கள். அந்தச் சண்டை இருக்கட்டும். பெயர் விஷயத்தில் அவர் காது சுத்தமான காது. கொடூரமும் நெருக்கமும் ஒரே சொல்லில் எப்படிக் குடியிருக்கும் என்பதை அவர் விளக்கவில்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறார்.

வம்சாவளி எழுதுகிற பேரப்பிள்ளைகள் இங்கேதான் நழுவுகிறார்கள். 'சிவப்பு டேன்' என்றால் பெருமையாகப் போடுகிறார்கள். 'நொண்டி', 'மடாதிபதி' என்றால் மென்று முழுங்கிவிடுகிறார்கள். பேட்ரிக் ஷீஹன், தொழில் பத்திரிகை விற்பனை என்று சுத்தமாக ஒரு வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு லிமெரிக்கில் எந்தக் கிழவரிடம் போய் விசாரித்தாலும், "யாருப்பா அது?" என்றுதான் கேட்டிருப்பார்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. என் புகாரே அதுதான். பக்கத்து வீட்டுக்காரன் வைத்த பெயரையும் எஜமானி வைத்த பெயரையும் ஒரே பட்டியலில் போடுகிறார்கள். பாடியும் பிட்டியும் 'அக்கால ஐரிஷ் செல்லப்பெயர்கள்' என்று அச்சாகிறது.

பிட்டி என்றால் பிரிட்ஜெட்டின் சுருக்கம். அயர்லாந்தின் பெரிய பெண் புனிதர் பிரிஜிட்டின் பெயர். பஞ்சத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஐரிஷ் பெண்கள் அமெரிக்கப் பணக்கார வீடுகளுக்குச் சமையலுக்கும் வேலைக்கும் போனார்கள். அவர்களில் நிறையப் பேர் பிரிட்ஜெட். அதனால் ஐரிஷ் வேலைக்காரி என்றாலே பிரிட்ஜெட், பிட்டி. மார்கரெட்டாக இருந்தாலும் மேரியாக இருந்தாலும் அதே. மார்கரெட் லிஞ்ச்-பிரென்னன் 2009-ல் எழுதிய 'தி ஐரிஷ் பிரிட்ஜெட்' இந்தப் பெண்களைப் பற்றிய நல்ல புத்தகம். 1883-ல் 'பக்' என்ற கேலிப் பத்திரிகையின் அட்டையில் ஒரு கார்ட்டூன் வந்தது. தடித்த ஐரிஷ் சமையல்காரி மெலிந்த எஜமானியம்மாவுக்கு முஷ்டியைக் காட்டி மிரட்டுகிறாள். 'நமக்கெல்லாம் பழக்கமான ஐரிஷ் சுதந்திரப் பிரகடனம்' என்று நக்கலாகத் தலைப்பு. அன்றைய வாசகர் அந்தச் சமையல்காரிக்கு என்ன பெயர் வைத்திருப்பார் என்று சொல்லவே வேண்டாம்.

வித்தியாசம் புரிகிறதா? 'பாடி த கோப்' என்பது நூறு பேட்ரிக்குகளில் ஒருவரைத் தனியாக எடுத்துக் காட்டும் பெயர். அந்நிய ஊர்க்காரன் ஐரிஷ் கூலியாளைப் பார்த்து "ஏய் பாடி!" என்றால், அது ஒருவரை நூறு பேருக்குள் கலந்துவிடும் பெயர். ஒரே வார்த்தை. ஒன்று கூப்பிடுகிறவன் ஆளைத் தெரிந்து வைத்தது. இன்னொன்று தெரிந்துகொள்ள அவசியமில்லை என்று வைத்தது. இரண்டும் செல்லப்பெயராம்!

அந்தப் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. அமெரிக்காவில் பல பிரிட்ஜெட்டுகள் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். டெலியா ஆனார்கள். பெர்த்தா, பெஸ்ஸி ஆனார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போது பிரிட்ஜெட், மரணச் சான்றிதழில் டெலியா. தேடுகிற பேத்தி, "கொள்ளுப்பாட்டி காணாமல் போய்விட்டார்" என்று நொந்துகொள்கிறார். இதற்கும் அட்டவணையில் பதில் இருக்கிறது: 'பிரிட்ஜெட் = டெலியா'. அந்தச் சமக் குறிக்கு நடுவில் ஒரு பெண் எத்தனை சமையலறைகளில் என்னென்ன கேட்டாள் என்பதற்கு மட்டும் அட்டவணையில் இடமில்லை. அவர்கள் உதறிப்போட்ட அதே பிரிஜிட் பெயரில் 2023 முதல் அயர்லாந்தில் அரசு விடுமுறை விடுகிறார்கள்.

இரண்டு வகைப் பெயரும் ஒரே குடும்பத்தில் கலந்திருப்பதைப் பார்க்க வேண்டுமா? கென்னடி குடும்பம். ஜான் எஃப். கென்னடியின் அம்மா வழித் தாத்தா ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு, பாஸ்டன் மேயர். தேனாகப் பேசுவார், மேடையில் பாட்டும் உண்டு. ஊர் வைத்த பெயர் 'ஹனி ஃபிட்ஸ்'. அப்பா வழிக் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்திலிருந்து பஞ்ச காலத்தில் பாஸ்டனுக்கு வந்தவர்கள். பெயர்கள்: பேட்ரிக், பிரிட்ஜெட். ஆமாம், சாட்சாத் பாடியும் பிட்டியும்தான். 1858-ல் பேட்ரிக் காலராவில் போய்ச் சேர்ந்தார். பிரிட்ஜெட் வேலைக்குப் போய், பிறகு சின்னதாக ஒரு கடை வைத்து, பிள்ளைகளை வளர்த்து, மகன் பேட்ரிக் ஜோசப்பை மதுக்கடை முதலாளியாக்கினார். அந்த மகனை ஊர் பாடி என்று சொல்லவில்லை, பி.ஜே. என்றது. பி.ஜே. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கே போனார்.

1961-ல் ஜனாதிபதியானதும் கென்னடி அரசாங்க உல்லாசப் படகுக்கு 'ஹனி ஃபிட்ஸ்' என்று தாத்தாவின் பட்டப்பெயரைச் சூட்டினார். அந்தப் படகின் போட்டோக்கள் கென்னடி புத்தகங்களில் பளபளவென்று வரும். கொள்ளுப்பாட்டி பிரிட்ஜெட் பெரும்பாலும் முதல் அத்தியாயத்தில், கடை வைத்த விதவை என்று ஒரு பத்தியில் வந்துவிட்டுப் போவார்.